கலங்கி வந்த தண்ணீர்

அண்ணி ஒரு கண்ணாடிக் கிளாசை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்த அந்தச் சனிக்கிழமைக் காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கிளாசில் இருந்தது எங்கள் வீட்டுப் பக்கத்து மண் அணையின் அடியில் கசிந்த தண்ணீர். எப்போதும் தெளிவாகக் கசியும். அன்று செம்மண் கரைந்து தேநீர் நிறத்தில் இருந்தது. "கரைக்குள்ள மண்ணு அரிக்குது" என்றார். எனக்கு அப்போது பதினெட்டு வயது.

எங்கள் ஊரான காஜா பெராங்கில் அந்த அணையைக் கட்டியவர் ஒரு சீனத் தவுக்கே, பணக்கார முதலாளி. ஓடையை மறித்து, தன் குடும்பம் நீந்தவும் படகு விடவும் அமைத்துக்கொண்ட சின்னத் தேக்கம். ஜப்பான் சண்டை வந்ததும் சிங்கப்பூருக்குப் போனவர் திரும்பவில்லை. அணைக்குக் காவல் வேலை பார்த்த என் அண்ணனை ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அணையும் பலகை வீடும் நாங்கள் இருவரும் மிஞ்சினோம். ஞாயிறுதோறும் ஒரு ஜப்பான் அதிகாரி தன் ஆட்களுடன் நீந்த வருவார். தண்ணீர் ஒரு சாண்கூடக் குறையக் கூடாது என்பது அவர் உத்தரவு. ஆனால் கரைக்குக் கீழே அத்தாப்பு ஓலைக் குடிசைகளில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் மரவள்ளி போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தன. மழைக்காலம் வேறு. கரை உடைந்தால் முழுத் தண்ணீரும் அவர்கள் மேல்தான் விழும்.

"மதகைத் தெறக்க அந்த அதிகாரிகிட்ட முதல்ல கேட்டுடலாமே அண்ணி" என்றேன்.

"கேட்டா வேணாம்பான். வேணாம்னு சொன்னப்புறம் தெறந்தா தலை போகும். கேக்காம தெறந்தா ரெண்டு அடியோட போயிடும்."

கீழே இருப்பவர்களிடமும் சொல்ல விடவில்லை. கூட்டம் கூடினால் சேதி அதிகாரியின் காதுக்குப் போய்விடும் என்றார்.

மதகுப் பலகை ஊறி இறுகியிருந்தது. இருவரும் கடப்பாரை போட்டு நெம்பி, இரண்டு விரற்கடை அளவு தூக்கினோம். ஒரேயடியாகத் திறந்தால் ஓடை கொள்ளாது. மணிக்கொரு தரம் அண்ணி இறங்கிப்போய்க் கசிவைப் பார்த்துவிட்டு வருவார். நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். நீர்மட்டம் இறங்க இறங்க ஒரு பயம் குறைந்தது; மறுநாளை நினைத்து இன்னொன்று ஏறியது. அன்று எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு நண்பகலில் லாரி வந்தது. படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. யார் திறந்தது என்று அதிகாரி மலாயில் கத்தினார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணி முன்னே போய், "சாயா, துவான்" என்றார், நான்தான் ஐயா என்று. இரண்டு அறை விழுந்தது. விழுந்தவர் எழுந்து, கரையடியைக் காட்டி, "ஆயர் கெரு, துவான்" என்றார். தண்ணீர் கலங்கி வருகிறது என்று. அந்த ஆள் கீழே இறங்கி ஈரமண்ணைக் காலணியால் கிளறிப் பார்த்தார். அண்ணியைத் தலைக்கு மேல் ஒரு கல்லைத் தூக்கிப் பிடிக்க வைத்து, சாயங்காலம் வரை வெயிலில் நிறுத்திவிட்டுப் போனார். அதன்பின் நீந்த வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் கொட்டிய மழையில் கரையின் நடுப்பகுதி சரிந்தது. கீழே போனது கணுக்கால் தண்ணீர்தான். மழை விட்டதும் கீழ்வீட்டு அக்கா கோபமாக ஏறி வந்தார். "உங்க அணைத் தண்ணி எங்க மரவள்ளிய சாய்ச்சிருச்சு. ரெண்டு பொம்பளைங்க இருந்து என்னதான் பாக்கறீங்க?"

"தப்புதான்க்கா. மன்னிச்சிருங்க" என்றார் அண்ணி. நான் பேச வாயெடுத்தேன். அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இன்று அங்கே வரிசை வீடுகள் வந்துவிட்டன. அந்தக் குடும்பங்களின் பேரன் பேத்திகளைக் கோயிலில் பார்ப்பதுண்டு. அன்று மதகைத் திறந்தது ஏன் என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். உடனே அந்தப் புதன்கிழமைக் காலை நினைவுக்கு வரும். அண்ணி வீங்கிய கன்னத்தோடு அவர்கள் கொல்லையில் குனிந்து, சாய்ந்த மரவள்ளியை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டிருந்தார். கீழ்வீட்டு அக்கா பக்கத்தில் நின்று, இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.