அரக்குப் புடவையில் விழுந்த மெழுகு

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் எங்கள் வீடு. மாடியில் இருந்த ஒற்றை அறையை அப்பா ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். வருகிறவர்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் நாலாவது படித்த வருஷம், ஆனி மாதத்தில் வந்த இந்தோனேசியா அக்கா மட்டும் வந்த மறுநாளே டவுனுக்குப் போய் ஒரு மின்சார அடுப்பு வாங்கிவந்து மெழுகு காய்ச்ச ஆரம்பித்தார்.

அக்கா என்று நான்தான் கூப்பிட்டேன். அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஊர் சிரெபோன், கடலோரத் துறைமுகம். அந்தப் பெயருக்கே இறால் தண்ணீர் என்று அர்த்தமாம். அவருடைய இங்கிலீஷை எனக்குத் தமிழாக்கிச் சொன்னது சித்தி. அம்மாவின் தங்கையான சித்தி அடி அண்ணாமலையிலிருந்து வந்து எங்களோடு தங்கி, டவுனில் காலேஜ் முடித்திருந்தாள். மேலே படிக்க மெட்ராசுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அம்மாவோ மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தன் போனில் ஊரைக் காட்டுவார். பூப்போட்ட பீங்கான் தட்டுகளைச் சுவரெல்லாம் பதித்த ஒரு அரண்மனை. "சோறு துன்ற தட்ட செவுத்துல ஒட்டி வெச்சிக்கிறாங்களே!" என்று அம்மா அங்கலாய்த்தாள். யானைத் துதிக்கையும் சிறகும் வைத்த ராஜாவின் வண்டியைப் பார்த்ததும், கோயில் வாகனம் ஒன்று அங்கே போய்விட்டதாகவே நான் நினைத்தேன். பவளப் பாறையைக் குகை குகையாக அடுக்கிக் கட்டிய தோட்டமும் இருந்தது. ராஜா தனியாகப் போய் உட்காரும் இடமாம். வீட்டுக்குப் பின்னாலேயே குகைகளோடு ஒரு மலை நிற்கும்போது அது எனக்குப் பெரிய அதிசயமாகப் படவில்லை. சித்தி மட்டும் துறைமுகத்தின் படம் வந்தால் போனைக் கையில் வாங்கி வைத்துக்கொள்வாள்.

அக்கா வரைந்தது மேகம். ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, வெளிர் நீலத்திலிருந்து கருநீலம்வரை போகும் மேகம். மூங்கில் பிடியில் சின்னச் செம்புக் கிண்ணம் வைத்த பேனாவால் அடுப்புச் சட்டியில் உருகிய மெழுகை மொண்டு துணியில் கோடு இழுப்பார். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. ஒவ்வொரு நீலத்துக்கும் ஒரு முறை மெழுகு, ஒரு முறை சாயம். பேனாவுக்குச் சாந்திங் என்று பெயர். நான் சாந்தி என்றேன். எங்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு சாந்திகள் இருந்தார்கள். கோபம் வந்தாலும் மழை மேகம் மாதிரிக் குளிர்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சித்திரத்தின் பொருள் என்று சித்தி விளக்கினாள். "இந்த வூட்ல அது யாருக்கு வரும்?" என்றாள் அம்மா.

ஆடி பிறக்க நாலு நாள் இருக்கும்போது ஆரணியிலிருந்து பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. பையனுக்குச் சொந்தமாக அரிசி மில். "எனக்கு வேணாங்க்கா, நான் படிக்கப் போறேன்" என்று சித்தி இரண்டு முறை சொன்னாள். அம்மா இரண்டு முறையும் கேசரிக்கு ரவை போதுமா என்று பார்க்க எழுந்து போனாள். பிறகு தன் கல்யாணப் பட்டுப் புடவையை, அரக்கு நிறத்தில் அகலச் சரிகை வைத்ததை, பெட்டியிலிருந்து எடுத்து மாடி வராண்டாக் கொடியில் நிழல் காயப் போட்டாள். சித்தி அதைத்தான் கட்ட வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து, என் கையில் பேனாவையும் கொடுத்தார். என் மேகம் கத்தரிக்காய் மாதிரி வந்தது. பெருமை தாங்காமல் பேனாவும் கையுமாக அதை அம்மாவிடம் காட்ட வராண்டா வழியே ஓடினேன். அக்கா பின்னாலேயே வந்து பேனாவைப் பிடுங்கி அறையில் வைத்துவிட்டு, கீழே குழாயடிக்குச் சாயத் துணி அலசப் போனார்.

சாயங்காலம் புடவையை எடுக்க மாடிக்குப் போன அம்மா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு மெழுகு உறைந்திருந்தது.

"யார்டி பண்ணது இத?"

நான் ஓடிய வழி அது. எனக்குச் சந்தேகமே இல்லை. "நாந்தாம்மா" என்று அழுதேன். முதுகில் ஒன்று விழுந்தது. இரண்டாவது விழுவதற்குள் அக்கா நடுவே வந்து நின்றுகொண்டார். தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி, "பாப்பா இல்ல. நான். நான் தப்பு" என்றார். விருந்தாளியை அடிக்க முடியாதே. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சித்தி கதவோரம் நின்று கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்தித்தாளை மேலே வைத்து இஸ்திரி போட்டு அக்கா மெழுகை எடுத்தார். மெழுகு போயிற்று, எண்ணெய்த் தடம் போகவில்லை. அறைக்குத் திரும்பியவர் மெழுகுச் சட்டியைச் சாய்த்துப் பார்த்ததைக் கண்டேன். அது காலியாக இருந்தது. பிறகு சித்தியைப் பார்த்தார். சட்டியைக் கழுவாமல் கவிழ்த்து வைத்தார்.

"கல்யாணப் பட்டுலயே இப்பிடி ஆயிடுச்சி. சகுனம் சரியில்லீங்க. ஆடி போவட்டும்னு சொல்லிடுங்க" என்றாள் அம்மா. அப்பா ஆரணிக்குப் போன் போட்டார். ஆடி போவதற்குள் சித்திக்கு மெட்ராசில் இடம் கிடைத்தது, அவள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஆரணிக்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். அக்காவும் மேகத் துணியைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்.

போன வருஷம் ஒரு கைத்தொழில் வகுப்பில் அதே மாதிரிப் பேனாவை மறுபடி பிடித்தேன். அந்தக் கிண்ணம் ஒரு டீஸ்பூன்கூடக் கொள்ளவில்லை. அதை மொத்தமாகக் கவிழ்த்தாலும் உள்ளங்கை அகலத்துக்கு உறையாது. அங்கிருந்தே சித்திக்குப் போன் செய்தேன். காலேஜில் பாடம் எடுத்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தாள்.

"சட்டியோட ஊத்துனியா சித்தி?"

"உன்ன அடிப்பாங்கன்னு நெனைக்கல கண்ணு" என்றாள்.

நான் அடி வாங்கிய அந்தச் சனிக்கிழமை ராத்திரி சித்தி என்னைத் தேரடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தாள். வழியெல்லாம் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆசையாகக் கட்ட இருந்த புடவை பாழாகிவிட்ட வருத்தம் என்று நினைத்தேன். "அழுவாத சித்தி, இனிமே அந்தப் பேனாவத் தொடவே மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.