பின்னட்டைப் பொட்டு

அக்கா படித்த பல்கலைக்கழகத்தில் கிழக்காசிய நூலகத்துக்கு இப்போது ஒரு மாடியையே கொடுத்திருக்கிறார்கள். சீனம் ஒரு பக்கம், கொரியம் ஒரு பக்கம், ஜன்னலோரம் முழுக்க ஜப்பான். போன மாதம் திறப்புவிழாவுக்குப் போயிருந்தேன். பேசியவர்கள் எல்லாரும் அது ஒற்றை அலுமாரியில் தொடங்கிய கதையைச் சொன்னார்கள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எங்கள் காம்பரா அறையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. போகட்டும், நான் சொல்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. சித்தப்பா ஜப்பானில் பழைய சாமான் பிரிக்கும் யார்டில் வேலை செய்தார். வீடு காலி செய்கிறவர்கள் புத்தகங்களையும் அங்கே கொண்டுவந்து கொட்டுவார்களாம். மற்றவர்கள் அவற்றின் மேல் ஏறி நடப்பார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் கால் வராது. தப்பித்தவறிக் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஒற்றிக்கொண்டதை மறுபடி குப்பையில் போட மனம் வராது. அந்த மொழியில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாத மனிதர் இப்படியே அறை நிறையச் சேர்த்துவிட்டார். அக்கா ஜப்பான் மொழி படிக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் அத்தனையையும் கப்பலில் ஏற்றிவிட்டார்.

பெட்டிகள் வந்த அன்று லயமே கூடிவிட்டது. டீவி என்றார்கள், தையல் மிஷின் என்றார்கள். நான் பொம்மைக்குக் காத்திருந்தேன். உள்ளே இருப்பது புத்தகம் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள்.

அக்காவுக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. நூலகத்தில் அவளுடைய பாடத்துக்கு இருந்தது ஒரே ஒரு அலுமாரி, அதிலும் பாதி காலி. புத்தகம் சேர்ந்தால் தனி அறை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கறை பட்ட புத்தகத்தை எடுக்க மாட்டோம் என்று நூலகத்து மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். அதனால் சுத்தமானவற்றை மட்டும் பொறுக்கி, துடைத்து அடுக்கிவைத்துவிட்டு, வேன் பேச டிக்கோயாவுக்குப் போனாள்.

அன்று சரஸ்வதி பூசை. போகிற அவசரத்தில் அக்காவுக்கு அது நினைவில் இல்லை. வீட்டில் இத்தனை புத்தகம் இருக்கும்போது அம்மா சும்மா இருப்பாளா? தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வந்து குளித்துவிட்டு, எல்லாவற்றையும் சாமிப் படத்துக்கு முன்னால் அடுக்கினாள். ஒன்றுவிடாமல் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தாள். நான் சுண்டலுக்கு ஆசைப்பட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்த அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பஞ்சை நனைத்து ஒன்றைத் துடைத்துப் பார்த்தாள். சிவப்பு இன்னும் பரவியது. போதாக்குறைக்கு, ஜப்பான் புத்தகம் வலது பக்கமிருந்து திறக்குமாம். நமக்கு முன்னட்டையாகத் தெரிவது அவர்களுக்குப் பின்னட்டை.

"வச்சதுதான் வச்சீங்க, பின்னால போய் வச்சிருக்கீங்களேம்மா" என்று அழுதாள்.

"எந்தப் பக்கம் வச்சா என்ன, சாமிக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

வேன் பேசியாகிவிட்டது, நடப்பது நடக்கட்டும் என்று அக்கா புத்தகங்களை அப்படியே கட்டிவைத்தாள். மறுநாள் காலையில் அம்மா கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே வேனில் ஏறி உட்கார்ந்தாள். என்னையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளை படிக்கிற இடத்தைத் தானும் பார்க்க வேண்டுமாம். வழியில் அக்கா என் பக்கம் குனிந்து, அங்கே போய் லயம், கொழுந்து என்று வாயைத் திறக்கக் கூடாது என்று மிரட்டினாள். நான் வாயைப் பொத்திக் காட்டினேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மேடம் முதல் புத்தகத்தை எடுத்து நகத்தால் சுரண்டினார். அடுத்ததை எடுத்தார். அதிலும் அதே சிவப்பு. இதென்ன கறை, யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டார். அம்மாவுக்குச் சிங்களம் புரியும். கொழுந்துக் கறை ஏறிய விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

அக்கா அந்தக் கைகளையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சிங்களத்திலேயே நிதானமாகச் சொன்னாள்.

"இது கறை இல்லை மேடம். எங்கள் அம்மா வைத்த பொட்டு. அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். நாங்கள் லயத்தில் இருக்கிறவர்கள். எங்கள் வீட்டில் புத்தகத்தைக் கும்பிடுவோம்."

மேடம் அம்மாவைப் பார்த்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து அலுமாரியில் வைத்தார். மற்றவற்றையும் அடுக்கியதில் அது நிறைந்துவிட, பக்கத்து மேசைகளைக் காலி செய்யச் சொன்னார். சில மாதங்களில் தனி அறையும் வந்தது.

இன்று ஜன்னலோரத்தில் புதுப் புத்தகங்களுக்கு நடுவே அவையும் இருக்கின்றன. கடைசிப் பக்கம்வரை வாசித்து மூடுகிறவர்களுக்கு அம்மாவின் பொட்டுத் தெரியும். விழா அன்று ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்தேன். பெருமையாக இருந்தது.

ஆனால் அன்று எனக்கு என்ன தெரியும்? ஹட்டன் வரும்வரை அக்கா அம்மாவின் கையை விடவே இல்லை. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நான் மட்டும் உர்ரென்று வந்தேன். என் வாயை அடைத்துவிட்டு, லயம், கொழுந்து எல்லாவற்றையும் அவளே சொல்லிவிட்டாளே!