பின்சந்துக் கதவின் தாழ்ப்பாள்

இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை. சந்தேகப்படுபவர்களுக்கு என் நிலவறைக் குறிப்பேட்டைக் காட்டத் தயார். 2018 ஜூலை மாதம் முழுக்க மணியும் வெப்பமும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். பயத்தில் எழுதியதல்ல. எரிச்சலில் எழுதியது.

அப்போது இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு சரிவான தெருவில் நான் பப் நடத்திக்கொண்டிருந்தேன். பிட்டர், மைல்டு என்று இரண்டே ஏல். ஏல் என்பது பழைய முறை பீர், பீப்பாய்க்குள் வந்த பிறகும் உயிரோடிருக்கும். உள்ளே ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும். பீப்பாயின் மேல்துளையில் மென்மரக் குச்சியைச் செருகினால் அது மூச்சு விடும். கடினமரக் குச்சிக்கு மாற்றினால் மூச்சை அடக்கிக்கொள்ளும். நிலவறை பன்னிரண்டு டிகிரியில் இருந்தால், பிட்டரில் முதலில் வறுத்த ரொட்டி வாசனை வரும். அப்புறம் ஆரஞ்சுத் தோல். விழுங்கிய பிறகுதான் அந்தச் சுத்தமான கசப்பு மெல்ல எழுந்து நாக்கில் உட்காரும். மைல்டு வேறு மாதிரி, கருகிய சர்க்கரையும் கொட்டைப் பருப்பும் கலந்த சாதுவான ருசி. பதினேழு டிகிரிக்கு ஏறிவிட்டால் இரண்டே நாளில் இதெல்லாம் போய்விடும். புளிப்புதான் மிஞ்சும்.

அந்த ஜூலையில் பத்து நாளாகத் தினமும் பதினேழு.

காரணம் கண்ணெதிரே இருந்தது. நிலவறையின் பின்பக்கம் சந்துப் பக்கமாக ஒரு தாழ்வான மரக்கதவு. பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வரும் வழி. இரவில் உள்ளே பூட்டிவிட்டுத்தான் படுப்பேன். காலை பத்தரைக்கு இறங்கினால் விரியத் திறந்து கிடக்கும். வெயில் நேராகப் பீப்பாய் மேல் விழும்.

வெள்ளிக்கிழமை மதியம், பப்பை எனக்குக் குத்தகைக்கு விட்டிருந்த பீர் கம்பெனியின் ஆள் ருசி பார்க்க வருவதாக இருந்தது. ஏல் தேறாவிட்டால் பப் என் கையை விட்டுப் போய்விடும். பதினோரு வருட உழைப்பு.

மருத்துவமனை இல்லாத நாட்களில் மதியம் பன்னிரண்டுக்கு முதல் ஆளாக வருபவர் நெவில். எண்பது வயது. சக்கர நாற்காலி. ஒரு காலத்தில் எங்கள் பப்புக்கே பீப்பாய் இறக்கிய லாரிக்காரர். திங்கட்கிழமை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளினார்.

"என்ன கண்ணு இது? குடிக்கிறதுக்கா, மீன் வறுவல் மேல வினிகரா ஊத்துறதுக்கா?"

"வேற தரேன் பெருசு. ஊருக்கே கேக்குற மாதிரி கத்தாதீங்க."

"நேத்தும் இதையேதானே சொன்ன க்வென்டா!"

கோப்பையில் பழுப்பு நிறத்தில் கட்டைவிரல் அச்சு. அவருடைய வலது உள்ளங்கை முழுக்கத் துரு.

"கையில என்ன இது?"

"தெரியல. பத்து நாளா இப்படித்தான் இருக்கு. தேய்ச்சுக் கழுவினாலும் மறுநாள் வந்துடுது."

அன்றே புதுப் பூட்டு வாங்கி மாட்டினேன். மறுநாள் காலை மேலே கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழே இரும்புத் தாழ்ப்பாள் இழுபடுவது போல் சத்தம்.

கர்ர்ர்ர்... டக்.

மணி 10:20. ஓடினேன். கதவு திறந்திருந்தது. பூட்டு வளையத்தில் தொங்கியது... பூட்டியபடியே. சாவி என் பையில்.

புதன்கிழமையும் அதே 10:20. அதே சத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மாலை கதவுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்தேன். இடுக்குகளில் கம்பளித் துணி திணித்து ஒட்டினேன். ஒரு பொட்டு வெப்பம்கூட நுழைய வழியில்லை.

வியாழன் காலை 10:05. வெப்பமானியில் பன்னிரண்டு!

புதிதாகத் திறந்த பீப்பாயிலிருந்து அரைக் கோப்பை பிட்டர் பிடித்தேன். வறுத்த ரொட்டி... ஆரஞ்சுத் தோல்... எல்லாம் திரும்பியிருந்தது. மூக்கில் மட்டும் லேசாகச் சுர்ரென்றது. புது ஏலின் துடிப்பு என்று நினைத்தேன். கையில் சுத்தியலோடு முக்காலியில் உட்கார்ந்தேன். யார் வந்தாலும் இன்று விடுவதில்லை.

10:11. தலை வலித்தது.

10:15. மூச்சு வேகமாக வந்தது. படி ஆறே அடி தூரம். எழுந்திருக்கப் பார்த்தேன். கால் வரவில்லை.

10:18. சுத்தியல் விழுந்தது. அந்தச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது.

பிறகு...

கர்ர்ர்ர்...

கதவுக்கு வெளியே.

டக்.

இரும்புச் சட்டம் தானாகக் கழன்று விழுந்தது.

வெளிச்சம்.

தவழ்ந்தேன்.

சந்தில் யாரும் இல்லை.

லாகர் பீருக்கு வைத்திருந்த கரியமில வாயு உருளையில் இரண்டு வாரமாகக் கசிவு. பழுது பார்க்க வந்தவன் சொல்லித்தான் தெரிந்தது. அந்த வாயு காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி தரையிலிருந்து தேங்கும். முக்காலியில் உட்கார்ந்தவள் முதலில் மூழ்குவாள்.

"தினமும் யாரோ அந்தக் கதவைத் திறந்து விட்டிருக்காங்க மேடம். இல்லன்னா எப்பவோ போயிருப்பீங்க."

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆள் வந்தார். ஏல் மறுபடி புளித்திருந்தது. உருளை அவர்கள் கம்பெனியுடையது. பழுது அறிக்கையைப் படித்ததும் கோப்பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். மூன்று மாதம் அவகாசம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓரத்தில் இருந்த நெவில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று கிண்டல் எதுவும் வரவில்லை.

"தாழ்ப்பாள் சத்தமா கேட்டுச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஆமா. மூணு நாளும்."

"அந்தக் கதவுல தாழ்ப்பாளே கிடையாதே கண்ணு."

வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எம்பத்தாறுல இருந்துச்சு. வெளிப்பக்கம். ஜூலை மாசம். பீப்பாய இறக்கிட்டு நான்தான் தாழ் போட்டேன். கூட வேலை செஞ்ச பெர்சி மேல போயிட்டான்னு நெனச்சேன். அவன் உள்ளயே இருந்திருக்கான். கேஸ் கசிஞ்சிருக்கு. கதவுல சாஞ்ச வாக்குலதான் எடுத்தாங்க. தாழ்ப்பாள அன்னைக்கே பிடுங்கிப் போட்டுட்டாங்க."

"எத்தனை மணிக்குத் தாழ் போட்டீங்க?"

"பத்து இருபது."

சந்துக்குப் போய்ப் பார்த்தேன். பெயின்டுக்கு அடியில் நான்கு திருகாணித் துளைகள். கதவின் வெளிப்பக்கம்.

அப்படியானால் திறந்தது பெர்சி இல்லை. பெர்சி செத்தது உள்ளே.

ஞாயிற்றுக்கிழமை நெவிலின் மகள் ஹேஸல் வந்தாள். வியாழன் காலை அப்பா எங்கே இருந்தார் என்று கேட்டேன். மருத்துவமனையில், ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாத் தூங்கிட்டிருந்தார் க்வென்டா. திடீர்னு வலது கையால எதையோ பிடிச்சு இழுக்குற மாதிரி இழுத்தார். காத்துலதான். போர்வையெல்லாம் செவப்பு. ஊசி கழண்டு ரத்தம்தான் வருதுன்னு நர்ஸ் ஓடி வந்தாங்க."

"எத்தனை மணிக்கு?"

"பத்து இருபது. அவங்க எழுதி வச்சாங்க. ஆனா ஊசி கழலவே இல்ல. அது ரத்தமும் இல்ல..."

அவளே சொன்னாள்.

"துரு."