முயல் விழுந்த கொல்லை

இது காணும் பொங்கலன்று நடந்தது என்று அம்மா சொல்கிறாள். அன்று நாங்கள் எல்லோரும் கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்பினோம் என்பதும் அவள் சொல்வதுதான். இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்க வழியில்லை. குடும்பத்தில் எது எப்போது நடந்தது என்று குறித்துவைக்கும் பழக்கம் எனக்குப் பிற்பாடுதான் வந்தது. ஆகவே இந்த நாளை ஊகித்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. பசுவின் கொம்பில் பூசிய நீலச் சாயம் அப்போது உரியத் தொடங்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. பொங்கலை அடுத்து வந்த சனிக்கிழமை என்று முடிவு செய்திருக்கிறேன். அம்மா இதை ஏற்கவில்லை. அப்பாவைக் கேட்டால், தை மாதம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். ஆனால் அன்று காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்பதை மட்டும் உடனே சொல்கிறார்.

எங்கள் பருத்திக் கொல்லை பெரம்பலூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், அரியலூர் எல்லையைத் தொட்டாற்போல் இருக்கிறது. கரிசல் மண். லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் மூலம் விசா கிடைத்து, துபாயில் குத்தவைத்து உட்கார்ந்து டைல்ஸ் பதித்த சம்பாத்தியத்தில் அப்பா வாங்கியது. எங்கள் வம்சத்தில் சொந்த நிலம் என்று ஒன்றை முதலில் வாங்கியவர் அவர்தான். அவருக்கு முந்தியவர்கள் அனைவரும் அதே கொல்லையில் பெரிய வீட்டுக்காரர்களுக்குக் கூலிக்குக் களையெடுத்தவர்கள். பெரிய வீட்டுக்காரர்கள் வீட்டுக்கு ஒரு காவல்காரனை வைத்துவிட்டுத் திருச்சியில் குடியேறிய பிறகு நிலம் விலைக்கு வந்தது. பத்திரம், பட்டா, சிட்டா மூன்றும் அப்பா பெயருக்கு மாறின. ஊரார் வாய் மட்டும் மாறவில்லை.

“பெரியவூட்டுக் கொல்லைல பருத்தி நல்லா வெடிச்சிருக்குடா” என்பார்கள். அதே கொல்லையில் மருந்து அடித்துக்கொண்டு நிற்கும் அப்பாவிடமே சொல்வார்கள். “எங்க கொல்லையிலயா?” என்று அவர் திருப்பிக் கேட்பார். “ஆமா, பெரியவூட்டுக் கொல்லைலதான்” என்று அவர்கள் பொறுமையாக விளக்குவார்கள். துபாய் வெயிலில்கூட அவர் அந்த அளவுக்குச் சோர்ந்து போனதில்லை என்பது அம்மாவின் கருத்து. அம்மா துபாயைப் பார்த்ததில்லை.

பொங்கல் கழிந்ததும் பக்கத்து ஊர்க்காரர்கள் பாரிவேட்டைக்குக் கிளம்புவார்கள். ஒரு முயலையாவது பிடித்து அவர்கள் சாமிக்கு முன் வைக்க வேண்டும். தடி, வலை, நாய்களுடன் கொல்லை கொல்லையாகக் கலைத்துக்கொண்டே வருவார்கள். வேட்டையாடுவது குற்றம் என்று வனத்துறை பஸ் ஸ்டாப் சுவரில் போன் நம்பரோடு எழுதி வைத்திருந்தது. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் அவர்கள் கூடுவார்கள்.

அதில் பங்கு பிரிக்க ஒரு முறை உண்டு. முதல் முயல் சாமிக்கு. அதன் பிறகு விழுவதில் வலைக்காரருக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு. முயல் எவருடைய கொல்லையில் விழுகிறதோ அவர் வீட்டுக்கு ஒரு பின்னந்தொடை போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இதில் யாரும் ஏமாற்ற மாட்டார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

முந்தின வருடம் அவர்கள் ஓடிய ஓட்டத்தில் எங்கள் பருத்திச் செடிகள் ஒடிந்து, வெடித்த பஞ்செல்லாம் மண்ணில் புரண்டது. மானியத்தில் போட்ட சொட்டுநீர்க் குழாய்கள் இணைப்பு பிடுங்கிக்கொண்டு கிடந்தன. அதனால் இந்த வருடம் அப்பா ஒரு பலகை எழுதி நட்டார். இது தனியார் நிலம், அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது, கீழே முன்னெழுத்தோடு தன் பெயர். மறுநாள் போய்ப் பார்த்தபோது அதன்மேல் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை, அல்லது அம்மாவின் காணும் பொங்கல், காலைப் பலகாரம் முடியும் நேரத்தில் மேற்கே நாய்ச் சத்தம் கேட்டது. அப்பா தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் போன் செய்தார். நான் பின்னாலேயே போனேன். “ஆமா சார், வேட்டைதான்… எத்தன பேருன்னு எண்ணலீங்க… எம்பேரெல்லாம் வேணாங்க” என்று அடிக்குரலில் பேசினார். இடத்துக்கு வழி மட்டும் தெளிவாகச் சொன்னார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டை ஒட்டியிருந்த கொல்லைக்கு நடந்தார். அம்மாவும் நானும் பின்தொடர்ந்தோம். எங்கள் நாய் முன்னால் போனது.

வேட்டைக்காரர்களுக்குத் தலைவர்போல் இருந்தவர் ஒரு வலைக்காரப் பெரியவர். தோளில் வலையும் வாயில் வெற்றிலையுமாக எங்கள் வரப்பில் ஏறிக்கொண்டிருந்தார். அப்பா எதிரே போய் நின்றார்.

“உள்ள வரக் கூடாதுங்க. பலகைய பாக்கலியா?”

“பாத்தேன்டா தம்பி. எழுத்து அழகா இருக்கு. யாரு எழுதுனது?”

“பருத்தி வெடிச்சு நிக்கிது. போன வருசம் மிதிச்ச நட்டத்துலேர்ந்தே இன்னும் நிமிரல.”

“அத மொசல்கிட்ட சொல்லு. அது வந்தா நாங்க வரோம், அது போனா நாங்களும் போறோம். ஒதுங்கு, சத்தம் போட்டுக் கலைச்சுடாத.”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா என் முதுகில் கிள்ளினாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நாய் கட்சி மாறியது. அப்பாவின் கால்களுக்கிடையில் புகுந்து வெளியேறி, அவர்களுடைய நாய்களோடு சேர்ந்துகொண்டது. பருத்திக்குள்ளிருந்து ஒரு முயல் எகிறியது. கூச்சல், ஓட்டம், செடிகள் முறியும் சத்தம். அப்பா நாயைத் திட்டினாரா ஆட்களைத் திட்டினாரா என்று பிரித்தறிய முடியவில்லை. எல்லாம் அடங்கியபோது முயல் கொல்லையின் நட்டநடுவில் விழுந்து கிடந்தது. அதைப் பிடித்தது எங்கள் நாய். முகமெல்லாம் ரத்தமாக, பாராட்டை எதிர்பார்த்து அப்பாவைப் பார்த்து வாலாட்டியது.

சாமிக்கான முயல் ஏற்கெனவே ஒரு சாக்கில் இருந்ததால் இது பங்குக்கு உரியது. பெரியவர் அதைத் தூக்கி எடை பார்த்துவிட்டு ஒரு பையனைக் கூப்பிட்டு, “தொடைய அறுத்து எடுத்துட்டுப் போய் பெரியவூட்டுக் காவக்காரன்கிட்ட குடுத்துட்டு வா” என்றார்.

ஒடிந்த செடிகளைப் பற்றி அப்பா இப்போது சண்டை போடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு.

“அந்தத் தொடை எங்க வூட்டுக்கு வரணும்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் வீட்டில் முயல் சமைப்பதே இல்லை. அதன் வாடை அப்பாவுக்கு ஆகாது. உள்ளே வரவே கூடாது என்று பலகை நட்டவர், போன் செய்தவர், இப்போது கறி கேட்கிறார். “நாமதான் மொசல் திங்க மாட்டமே?” என்று அம்மாவிடம் கேட்டேன். அவளும் என்னைப்போலவே அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒனக்கு நாய்ப் பங்கு உண்டுடா” என்றார் பெரியவர் தாராளமாக. “ஒன் நாய்தான புடிச்சுது. கொடலை வாங்கிக்க.”

“நாய்ப் பங்கு வேணாம். கொல்லைப் பங்கு குடுங்க.”

“கொல்லைப் பங்கு பெரியவூட்டுக்குத்தான் போவும். எங்க பாட்டன் காலத்து மொற.”

“கொல்லை எம்பேர்ல இருக்கு.”

“பேரு ஆபீஸ்ல இருக்கும்டா. மொசலுக்குப் படிக்கத் தெரியுமா?”

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. அப்பாவின் காது மடல்கள் சிவந்துபோயிருந்தன. அவர் அடிக்கப் போகிறார் என்று ஒரு கணமும், அழப் போகிறார் என்று மறுகணமும் நினைத்தேன். இரண்டுமே நடக்கவில்லை. “தொடைய வச்சுட்டுப் போங்க” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார்.

ரோட்டில் ஒரு பைக் நின்றது. காக்கிச் சட்டை. அடுத்த நொடியில் வலைகள் பருத்திக்குள் பறந்தன. தடி வைத்திருந்தவர்கள் அதை ஊன்றிக்கொண்டு நோயாளிகள்போல் ஆனார்கள். சாமி முயல் இருந்த சாக்கு எப்படி மறைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. பெரியவர் தன் கையில் இருந்த முயலை வரப்பில், அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். எங்கள் நாய் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

வந்தவர் வனக்காப்பாளர். வயது குறைந்தவர், வேர்த்துப் போயிருந்தார். முயலையும் நாயையும் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

“வேட்டை நடக்குதுன்னு ஆபீஸுக்கு போன் வந்துச்சு. யாரு கொல்லை இது?”

ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

“கொல்லைக்காரர்தான் மொதல்ல பதில் சொல்லணும். அவரு எடத்துல நடந்தா அவரு மேலதான் மொத கேஸு. யாருய்யா கொல்லைக்காரர்?”

கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் அப்பாவை நோக்கி நீண்டன. பெரியவர்தான் முந்திக்கொண்டார்.

“இவரு கொல்லைங்க சார். இந்த வேலிலேர்ந்து அந்த வேப்பமரம் வரைக்கும் இவருதுதான். கெரயம் பண்ணி பட்டாவும் இவரு பேருக்கு மாறிடுச்சுங்க.”

“பேரு போட்டுப் பலகையே நட்டிருக்காரு சார், அந்தா பாருங்க” என்றார் இன்னொருவர்.

அம்மா அப்பாவின் முழங்கையைத் தொட்டு, “நீங்கதான போன் போட்டது, சொல்லுங்க” என்று முணுமுணுத்தாள். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அவரையே சொல்லச் சொல்பவள் என்னை ஏன் சொல்லவிடவில்லை என்பது இன்னொரு குழப்பம். அப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

“சார், பெரியவரு சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சுங்களா?” என்று வனக்காப்பாளரிடம் கேட்டார்.

“கேட்டுச்சு.”

“எனக்குச் சரியா கேக்கல. பெரியவரே, இன்னொருதரம் சொல்லுங்க.”

பெரியவர் விழித்தார். பிறகு, அதிகாரி எதிரில் தயங்கினால் வம்பு என்று நினைத்தாரோ என்னவோ, வெற்றிலையைத் துப்பிவிட்டு உரத்த குரலில் வேலியிலிருந்து வேப்பமரம் வரை மறுபடியும் சொன்னார். மற்றவர்களும் கூடவே சொன்னார்கள்.

“என்னய்யா, ஏலமா விடுறீங்க?” என்றார் வனக்காப்பாளர்.

“ஆமா சார்” என்றார் அப்பா. “எங்கொல்லதான்.”

“இவங்கல்லாம் யாரு? பேரச் சொல்லு.”

அப்பா ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்தார். அவர்கள் ஒவ்வொருவருடைய பெயரும், அவர்கள் அப்பாக்களின் பெயரும் அவருக்குத் தெரியும். எனக்கே பாதிப் பேரைத் தெரியும்.

“எங்கொல்லைக்கு வந்தவங்க சார். கொல்லைக்காரன் நான் இருக்கேன்ல, நான் பதில் சொல்றேன்.”

வனக்காப்பாளர் ஒண்டி ஆள். ஒரு கேஸ் போதும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். முயலை ஒரு பையில் போட்டுக்கொண்டு, அப்பாவைப் பைக்கில் பின்னால் ஏறச் சொன்னார். திருடனைப் பிடித்துப் போவதுபோல் இருந்ததால் நான் அழத் தொடங்கினேன். அப்பா ஏறி உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, கொல்லைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.

“பருத்திய மிதிக்காம வரப்பு மேல போங்க.”

அவர்கள் வரப்பின் மேல், ஒருவர் பின் ஒருவராக, கால் வழுவாமல் போனார்கள்.

சாயங்காலம் அபராதம் கட்டிவிட்டு அப்பா பெரம்பலூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் எனக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். போன் போட்டதும் நீங்கள், மாட்டிக்கொண்டதும் நீங்கள், பணம் கட்டியதும் நீங்கள், கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வருவதும் நீங்களா என்று கேட்டாள். அப்பா கைகால் கழுவிக்கொண்டு, சோறு இன்னும் கொஞ்சம் போடு என்றார். அவர் ஏதோ ஒரு பாட்டின் நடுப்பகுதியை மட்டும் முனகிக்கொண்டிருந்தார். அதற்கு முன் அவர் பாடி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் படலுக்கு வெளியே யாரோ செருமும் சத்தம் கேட்டது. வலைக்காரப் பெரியவர். எப்போதும் படலைத் தள்ளிக்கொண்டு நேரே மாட்டுக்கொட்டகைவரை வருகிற மனிதர், அன்று வெளியிலேயே நின்றார். தோளில் கிடக்கும் துண்டு கையில் இருந்தது.

“என்னங்க, இருக்கீங்களா?”

அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று எங்களுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா மெதுவாக வெளியே வந்தார்.

“ஒண்ணுமில்லீங்க. நேத்து அவசரத்துல வலைய ஒங்க கொல்லைல போட்டுட்டோம். உள்ள போய் எடுத்துக்கலாங்களா?”

வலை பருத்தியின் எந்தச் சாலில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன். “நான் எடுத்தாரேன்” என்று ஓடப் பார்த்தேன். அப்பா என் சடையைப் பிடித்து நிறுத்தினார். இழுக்கவில்லை, ஆனால் விடவும் இல்லை. வாயைக் கொப்பளித்தார். முகத்தைத் துடைத்தார். வேலியைப் பார்த்தார், பருத்தியைப் பார்த்தார், தூரத்தில் வேப்பமரத்தைப் பார்த்தார். பெரியவர் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றார். இரவெல்லாம் திட்டிக்கொண்டிருந்த அம்மா, கரண்டியும் கையுமாகக் கதவோரம் வந்து நின்று, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஏதோ தீயும் வாடை வந்தது. அவள் திரும்பவில்லை.

வலை அவருடையது. எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம். ஒரு வயதான மனிதரை அப்படி நிற்க வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவைத் திட்டவேண்டும் என்று அண்ணாந்து பார்த்தேன்.

“போய் எடுத்துக்குங்க” என்று அவர் கடைசியில் சொன்னார். அழவேண்டியது நானும் அந்தப் பெரியவரும்தான் என்றிருக்க, அப்பாவின் குரல் ஏன் உடைந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.