அப்பாரு கட்டிய இருட்டுப் பள்ளிக்கூடம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பட்டப்பகலில் லாந்தர் எரியும். இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. தலைமை ஆசிரியர் அதைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுத்தான் கணக்குப் போடுவார். கடைசி வரிசையில் இருந்த எங்களுக்கு அவருடைய வேட்டி மட்டும் தெரியும்.

கட்டியவர் என் அப்பாவைப் பெற்றவர். எங்கள் பக்கத்தில் அப்பாரு என்போம். முப்பதுகளின் தொடக்கத்தில், திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே, சொந்த நிலத்தில் கட்டினார். கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு, தேக்கு உத்திரம், மேலே மெத்தைத் தளம் என்று எதிலும் கையை இழுத்துப் பிடிக்கவில்லை. ஆனால் அவரும் கொத்தனாரும் அதுவரை கட்டியதெல்லாம் பருத்திக் கிடங்குகள். பள்ளிக்கூடமும் கிடங்காகவே எழுந்தது. இரண்டு முழச் சுவர், கூரையை ஒட்டிக் கையகலத் துவாரங்கள், ஒரே கதவு.

"எந்தத் திருடனும் இந்தச் செவுத்தத் தொளைக்க முடியாதுங்க" என்று அப்பாரு தட்டிக் காட்டுவார்.

"திருடன் எதுக்குங்க வரப்போறான்? புள்ளைகதான் வரோணும்" என்பார் தலைமை ஆசிரியர்.

பள்ளி ஆய்வாளர் வரப்போவதாகத் தெரிந்ததும் தலைமை ஆசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இந்த இருட்டுக்கு அங்கீகாரம் கிடைக்காது, பள்ளியை மூடச் சொல்லிவிடுவார்கள், ஜன்னல் வைத்தே ஆகவேண்டும் என்றார். அப்பாரு அசையவில்லை. பூசை போட்டுக் திறந்த கட்டடத்தின் சுவரில் கடப்பாரை பட்டால் வம்சத்துக்கு ஆகாது என்று ஒரே பிடி. இந்தப் பள்ளியை மூடினால் பெண்பிள்ளையான என்னை வேறு ஊருக்கு யார் அனுப்புவார்கள்?

அந்த வாரம் குமாரபாளையத்து உறவினர்கள் வந்தார்கள். அப்பாரு அவர்களைப் பள்ளிக்கு அழைத்து வந்து, வடக்குச் சுவரின் உட்பக்கம் பதித்திருந்த தன் பெயர்க்கல்லைக் காட்டினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு, "படி சாமி" என்றார். நான் கல்லோடு மூக்கை ஒட்டிப் பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை.

"இத்தன நாளா என்னத்தப் படிச்சே?"

"எழுத்தெல்லாம் படிப்பனுங்க அப்பாரு. கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானுங்க!"

உறவினர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கல்லைக் கையால் தடவினார், துவாரங்களை அண்ணாந்து பார்த்தார், வெளியே போய்விட்டார்.

மறுநாள் கொத்தனார் வந்தார். உத்திரம் வந்து உட்காராத இடமாகப் பார்த்துத்தான் உடைக்க முடியும் என்றார். அப்படி இருந்த ஒரே இடம், வடக்குச் சுவரில் பெயர்க்கல் இருந்த இடம். தலைமை ஆசிரியர் தயங்கினார். அப்பாரு, "புடுங்குங்க" என்றார்.

ஜன்னல் வந்தது, அங்கீகாரமும் வந்தது. நான் அங்கே படித்து, பிறகு அங்கேயே ஆசிரியையாகவும் இருந்தேன். அதைக் கட்டியவர் யார் என்று இன்றைக்கு ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கல்லை வாசலிலாவது பதிக்கலாம் என்று தலைமை ஆசிரியர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அப்பாரு சொன்ன பதில் இதுதான்:

"என்ற பேர விட்டா, புள்ளைக படிக்கறதுக்கு வேற எழுத்தே இல்லீங்களா?"