காலி அட்டை

அஞ்சலாட்சிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பிடிக்காது. ஊரே மீனுக்கும் கறிக்கும் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிற நேரத்தில், உப்பளம் பகுதியில் இருந்த வாடகை வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லருகே அவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். ஏழரை வாக்கில் அந்தச் சத்தம் வரும். டப், டப், டப். மாத்திரை அட்டையை விரலால் அழுத்தினால் பின்னால் இருக்கும் தகடு கிழியுமே, அந்தச் சத்தம். ஒன்று இரண்டு இல்லை, வரிசையாக வரும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அவள் புருஷன் கோவிந்தராசு செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

வேலை செய்த சத்தம் காதிலேயே தங்கிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சொல்வதில் நியாயமும் இருந்தது. அவள் வேலையே அந்தச் சத்தம்தான்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மாத்திரைக் கம்பெனி. அதன் பின்கட்டில், குப்பைக் கிடங்கை ஒட்டி, ஜன்னல் இல்லாத ஓர் அறை. நீள மேசையைச் சுற்றி ஆறு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கழித்துப்போட்ட மாத்திரை அட்டைகள் பை பையாக வரும். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி, மாத்திரையைத் தொட்டியிலும் காலி அட்டையைச் சாக்கிலும் போடவேண்டும். மாத்திரை எரிக்கப் போகும். காலி அட்டை, பிளாஸ்டிக்கையும் அலுமினியத் தகட்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கிற இடத்துக்கு லாரி ஏறும். கம்பெனி இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ பெயர் வைத்திருக்கிறது. பெண்களுக்கு அது 'பிதுக்கு'. இன்றைக்குச் சுகர் பிதுக்கு, நாளைக்குப் பிரஷர் பிதுக்கு, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் பிதுக்கிப் பிதுக்கி அஞ்சலாட்சியின் வலது கட்டைவிரலில் ரேகையே இல்லை. கம்பெனி வாசலில் இருக்கும் மெஷின் அந்த விரலை ஒரு ஆளுடையது என்று ஒப்புக்கொள்ளாது. இடது விரலை வைத்துத்தான் உள்ளே போவாள்.

அம்மா கடற்கரைக் குப்பத்தில் மீன்கூடை சுமந்தவள். கூடையைத் தொடமாட்டேன் என்று பதினேழு வயதில் சண்டை போட்டு வெளியே வந்தவள் அஞ்சலாட்சி. 'நாறாத வேலை' என்று இந்த வேலையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அந்தக் கர்வத்தில்தான் எல்லாம் தொடங்கியது.

கழித்த அட்டைகளில் இரண்டு வகை. அச்சு மங்கியது, தகடு கோணலாக ஒட்டியது, இவையெல்லாம் மஞ்சள் பையில் வரும். அவற்றில் மாத்திரைக்கு ஒரு குறையும் இல்லை, அது போட்டிருக்கும் சட்டையில்தான் குறை. மாத்திரையே சரியில்லை என்று லேப்பில் கழித்தது சிவப்புப் பையில் வரும். பைகளைக் கிழித்துக் கொட்டிவிட்டு, கிழிந்த பையைக் குப்பையில் எறிவார்கள். நாளுக்கு ஐம்பது பை, நல்ல கனத்த பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கைக் குறைப்போம் என்று சுவரெல்லாம் போர்டு மாட்டிய வருஷம், கம்பெனி ஒரு யோசனைப் பெட்டியும் வைத்தது. அஞ்சலாட்சி தன் கோணல் எழுத்தில் எழுதிப் போட்டாள்: பையைக் கிழிக்காமல் வாய்க்கட்டை அவிழ்த்துக் கொட்டி, துடைத்துத் திருப்பி அனுப்பினால் என்ன?

மேனேஜர் சந்திரமோகனுக்கு அது பிடித்துப்போனது. நாளுக்கு ஐம்பது பை பத்தாகக் குறைந்தது. எல்லோர் முன்னாலும் கூப்பிட்டுக் கைதட்டி, ஒரு ஹாட் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். அவள் போட்டோ நோட்டீஸ் போர்டில் ஏறியது. கோவிந்தராசு அதைத் தன் போனில் வாங்கி, ஆட்டோ ஸ்டாண்டில் ஒருத்தர் விடாமல் காட்டினார்.

அவருக்குப் பிரஷர் இருந்தது. மாசத்துக்கு ஒரு தடவை கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் சீட்டைக் காட்டி இலவச மாத்திரை வாங்குவார். அன்றைக்கு ஆட்டோ ஓட்டம் போச்சு.

"யோவ், எதுக்குய்யா ஒரு நாள் பொழப்ப வுட்டுட்டு க்யூல நிக்கிற?" என்றாள் அஞ்சலாட்சி ஒரு நாள். "அதே மாத்திரையத்தான் நான் நாள் பூரா பிதுக்கித் தொட்டியில கொட்டிக்கினு இருக்கேன்."

"அது குப்பைக்கிப் போறதுடி."

"மஞ்சப் பையில வர்றதுய்யா. மாத்திரை தங்கம். அச்சுதான் கோணல்."

அந்தச் சனிக்கிழமை டிபன் பாக்ஸின் அடித்தட்டில் ஓர் அட்டை வந்தது. பதினாலு மாத்திரை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சரியாக ஒரு வாரம். அடுத்த சனிக்கிழமை இன்னொன்று. திருட்டுதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. ஆனால் அந்தத் திருட்டிலும் அவள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தாள். அச்சடித்த அட்டை எதுவும் வெளியே தங்கக்கூடாது, போலி மருந்து செய்கிறவன் கையில் போய்ச் சேரும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே மண்டையில் ஏற்றியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் கிளம்பும்போது, "காலி அட்ட எங்கய்யா?" என்று கையை நீட்டுவாள். அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். வெளியே போகும்போதுதான் சோதனை, அப்போதும் டிபன் பாக்ஸைத் திறக்கமாட்டார்கள். உள்ளே வரும்போது சோதனையே இல்லை. காலி அட்டை பத்திரமாகச் சாக்கில் சேர்ந்துவிடும்.

ஐந்து மாசம் இப்படிப் போனது. ஆஸ்பத்திரிச் சீட்டு பீரோவின் மேல் தூசி படிந்து கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றில் கை வைத்த கோவிந்தராசு, குழம்புக் கிண்ணத்தை எடுக்கப்போய் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். வாய் கோணியது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் பேச்சு போய், சாயங்காலத்துக்குள் ஆளும் போய்விட்டார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு வேள வுட்டதில்ல டாக்டர்" என்றாள் அஞ்சலாட்சி.

பிணத்திலிருந்து கழற்றிக் கொடுத்த சட்டையின் பையில் அந்த வாரத்து அட்டை இருந்தது. பதினாலு குழியும் காலி.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, பக்கத்து நாற்காலியில் உட்காரும் தனம் அலுத்துக்கொண்டாள். "இன்னா கூத்துக்கா இது? செவப்புப் பை பத்தலன்னு மஞ்சப் பையில கட்டி அனுப்புறாங்க. மேல ஒட்டுன சீட்டப் பாத்துக்கணுமாம். சீட்டு எங்க நிக்குது, வர்றதுக்குள்ள உதிர்ந்துபோவுது. நாலஞ்சு மாசமா இதே கததான்."

அஞ்சலாட்சி பிதுக்கிக்கொண்டிருந்த அட்டையை மேசைமேல் வைத்தாள். பையைத் திரும்பப் பயன்படுத்தச் சொன்னவள் அவள். மஞ்சளை நம்பி எடுத்தவளும் அவள். லேப்பில் வேண்டாமென்று ஒதுக்கியதைத் தன் கையாலேயே கொண்டுபோய்ப் புருஷனுக்குக் கொடுத்தோமா? அந்தக் கேள்வி அன்றைக்கு வந்து உட்கார்ந்தது, எழுந்து போகவே இல்லை. வீட்டில் அந்தக் கடைசி அட்டை இருந்தது. அதன் முதுகில் அச்சடித்த பேட்ச் எண் இருந்தது. லேப்பில் இருக்கும் அன்புசெல்வியிடம் அந்த எண்ணைச் சொன்னால், கம்ப்யூட்டரில் தட்டி ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். கேட்டால் வேலை போகும். வேலை போனால் போகிறது என்றுகூட நினைத்தாள். பதில் என்னவாக இருக்குமோ என்றுதான் பயந்தாள்.

அட்டையை அந்த ஹாட் பாக்ஸுக்குள் போட்டு மூடி, பரண்மேல் வைத்தாள். அதில் ஒரு நாளும் சோறு வைத்ததில்லை. கம்பெனியில் பைகள் போய், வண்ணம் அடித்த மூடி போட்ட கூடைகள் வந்தன. நோட்டீஸ் போர்டில் போட்டோ மாறியது. ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் மட்டும் மாறவில்லை. அரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் அபி, "தனியா இன்னாம்மா பண்ற, இங்க வந்துடேன்" என்று நூறு தடவை கூப்பிட்டாள். அஞ்சலாட்சி போகவில்லை. அங்கே போனால் சத்தம் கேட்காது. சத்தம் கேட்காவிட்டால் அவரும் இருக்கமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாசல் சோதனையில் தனத்தின் கைப்பையிலிருந்து ஓர் அட்டை கிடைத்தது. கம்பெனியின் சுகர் மாத்திரை. ஒன்பது குழி காலி, ஐந்தில் மாத்திரை.

"கடையில வாங்குனது சார். எனக்கு சுகர் இருக்குது. பில்லு வெச்சிக்கல" என்று தனம் அழுதாள்.

"ஒம்போத இங்க பிதுக்கிட்டு மிச்சத்த உள்ள போட்டுக்கினியா?" என்றான் சூப்பர்வைசர் விமல்ராஜ். "எல்லாருக்கும் இதே கததான் இருக்கும் போல."

பின்னால் வரிசையில் நின்றிருந்த அஞ்சலாட்சி பேசாமல் இருந்திருக்கலாம். அடுத்து தன் பையைத்தான் பார்ப்பார்கள், அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தனத்தின் இடத்தில் தான் நிற்பதாகவே அவளுக்கு இருந்தது. கையை நீட்டி அட்டையை வாங்கிக்கொண்டாள்.

"சார், இது மேச வேல இல்ல. பாருங்க. இந்தக் கிழிசல் மேல பாத்து இருக்குது, இது கீழ பாத்து, இது நகத்தால கிழிச்சது. மொத ஓட்டையெல்லாம் பைக்குள்ள ஒரசி ஒரசி மழுங்கிக் கெடக்குது. கடசி ரெண்டுதான் புதுசு. தெனம் ஒண்ணா எடுத்து முழுங்குன அட்ட இது. ஒரே மூச்சுல பிதுக்குனா இப்டி இருக்காது சார். ஒரு வரிசைல அத்தன கிழிசலும் ஒரே பக்கமா சாயும், வெளிம்பெல்லாம் ஒரே மாதிரி பளபளன்னு..."

பரண்மேல் ஹாட் பாக்ஸில் கிடக்கும் அட்டை நினைவுக்கு வந்தது.

விமல்ராஜ் அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "செரி, அதுவுஞ் செரிதான். திருடுன அட்டய பாதி தின்னுட்டு திரும்ப இங்க கொண்டாற்றதுக்கு எவளுக்காவது பைத்தியமா? போ தனம்."

தனம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அஞ்சலாட்சிக்கு அது எதுவும் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறி ஹாட் பாக்ஸை இறக்கினாள். இரண்டு வருஷமாக அந்த அட்டையின் எண்ணைத்தான் பார்த்திருக்கிறாள், ஓட்டைகளைப் பார்த்ததே இல்லை. காலி அட்டையில் ஓட்டையைத் தவிர வேறென்ன இருக்கும் என்று விட்டுவிட்டாள். ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். பதினாலு கிழிசலும் வரிசைக்கு வரிசை ஒழுங்காகச் சாய்ந்திருந்தன. ஒரு வரிசையில் ஏழும் கீழே பார்த்து, அட்டையைத் திருப்பிப் பிடித்துப் பிதுக்கிய மறு வரிசையில் ஏழும் மேலே பார்த்து. அவளுடைய மேசை முறை. நாளெல்லாம் எப்படிடி பிதுக்குகிறாய் என்று அவர் ஒரு தடவை கேட்டபோது, சிரித்துக்கொண்டே அவளே கற்றுக்கொடுத்தது. ஒரு வாரம் சட்டைப்பையில் கிடந்த அட்டையில் ஒரு கிழிசல்கூட மழுங்கவில்லை. அத்தனையும் ஒரே நேரத்தில், செத்த அன்று காலையில் பிதுக்கியவை.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அன்று காலை ஏழரைக்குக் கல்லில் துணியை அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் சாக்கடை ஓரம் அவர் நின்றிருந்தார். டப், டப், டப். இந்தச் சத்தம் கம்பெனியிலிருந்து காதோடு வந்ததில்லை.

செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனாள். கோவிந்தராசுவின் கூட்டாளி பஞ்சநாதன் சவாரி முடித்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அட்டையை நீட்டினாள்.

"உன் கூட்டாளி மாத்திர சாப்ட்டாரா இல்லியா? உண்மையச் சொல்லு."

பஞ்சநாதன் துணியைப் பிழிந்தார். மறுபடி பிழிந்தார்.

"சொல்லாதன்னாரு அண்ணி. கம்பெனியே குப்பன்னு ஒதுக்குனத எப்டி முழுங்குறது பஞ்சான்னுவாரு. பயந்தாரு. அண்ணிகிட்ட சொல்லிட வேண்டிதானன்னேன். 'போட்டோ மாட்டுனாங்கன்னு சந்தோசமா இருக்குது. ஆசையாக் கொண்டாந்து குடுக்குது. வேணான்னா மொகம் சுருங்கிடும்'னாரு. திங்கக்கெழமையானா காலி அட்ட கேப்பியாம, அதுக்காகப் பிதுக்கிக் கொட்டிடுவேன்னு சொல்லிச் சிரிப்பாரு."

"ஆஸ்பத்திரி மாத்திரயாவது?"

"அடுத்த வாரம் போறேன், அடுத்த வாரம் போறேன்னுக்கினே இருந்தாரு. போவல அண்ணி."

அவள் கொண்டுவந்த மாத்திரை அவரைக் கொல்லவில்லை. இரண்டு வருஷமாகக் கேட்கப் பயந்த கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அழவேண்டும் போலவும், யாரையாவது அடிக்கவேண்டும் போலவும் இருந்தது. திங்கட்கிழமைதோறும் கையை நீட்டாமல் இருந்திருந்தால், பிதுக்காத அட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக பீரோவில் கிடந்திருக்கும். இரண்டாம் வாரமே அவள் கண்ணில் பட்டிருக்கும். கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் க்யூவில் நிறுத்தியிருப்பாள். காலி அட்டை கேட்டுக் கேட்டுத்தான் அவள் ஏமாந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு அஞ்சலாட்சி கல்லருகே நின்றாள். கையில் துணி இல்லை. மாடியில் வீட்டுக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா, ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். சாக்கடை ஓரத்திலிருந்து சத்தம் வந்தது. இந்தத் தடவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். ஏழு வந்ததும் ஒரு மூச்சு இடைவெளி. அட்டையைத் திருப்பிப் பிடிக்கிறார்.

"யோவ்" என்றாள். "காலி அட்ட வேணாய்யா எனக்கு. இனிமே கேக்கவே மாட்டேன். ஒண்ணாவது முழுங்குய்யா."

எட்டு, ஒன்பது, பத்து என்று பதினாலு வரை கேட்டது.