அண்ணியின் ஆறு பக்கங்கள்

தேய்ந்து கூரேறிய பிளாஸ்டிக் பேனா முனையை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து மழுக்கிக்கொண்டுதான் அண்ணி வரைய உட்காருவார். கம்ப்யூட்டரில் செருகி வரையும் அந்த வரைபலகை யாரோ சலித்துப்போய் விற்றது. அதன் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு உயிரே கிடையாது. அங்கே விழ வேண்டிய கோட்டுக்காகத் திரையில் படத்தையே திருப்பிப் போட்டு வரைவார்.

பகலில் கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் வேலை. மாலையில், கொழுந்தனார் வீடு திரும்பும்வரை அவருடைய பழைய கம்ப்யூட்டர் அண்ணிக்கு. பலகையில் கை ஓடும். கோடு எதிரே திரையில் விழும். “கண்ணு ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கல்யாணமாகி வந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா?” என்பார்.

சிறுவர் பத்திரிகை ஒன்று, குடை ரிப்பேர் செய்யும் பூனையின் கதையைக் கொடுத்து, ஆறு பக்கம் படமாக வரைந்து மைக்கோடு போட்டு அனுப்பச் சொன்னது. தேறினால் மாதாமாதம் படக்கதை அவருக்கே. டோக்கன் மேசையிலிருந்து எழுந்துவிட அவருக்கு வேறு வழி எதுவும் தெரிந்திருக்கவில்லை.

பத்திரிகை கேட்ட அளவில் திரையில் தாளைத் திறந்தால் கம்ப்யூட்டர் திணறியது. ஒவ்வொரு கோடும் ஆடி அசைந்து வந்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் என்று அண்ணி தாளைச் சிறிதாக்கிக்கொண்டார். கோடு வழுக்கிக்கொண்டு ஓடியது. பூனையின் மீசையை மட்டும் நாற்பது தடவை அழித்து இழுத்தார். முடிந்தபின் திரையில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. அனுப்பும் அன்று ஆறு பக்கங்களையும் கேட்ட அளவுக்குப் பெரிதாக்கி அனுப்பினார். பெரிதாக்கினால் போதும் என்றுதான் நினைத்திருந்தார், பாவம்.

பத்திரிகை ஆசிரியர் போனில் கூப்பிட்டார். “கை நல்லா இருக்கும்மா. ஆனா சின்னதா வரைஞ்சு பெருசாக்கினதுல கோடெல்லாம் படிக்கட்டு மாதிரி நிக்குது. அச்சுக்கு ஆகாது.” திரும்ப வரைந்து தர அண்ணி ஒரு வாரம் கேட்டார். ஆசிரியரிடம் ஒரு நாள்கூட இல்லை.

கொழுந்தனார், தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். அவர் எப்போதும் எதையும் சொன்னதில்லை. அண்ணிக்கு அது வலிக்கவில்லை. “கை நல்லா இருக்குன்னாரே, அதைத்தான் தாங்க முடியலை” என்றார்.

இந்த மாத இதழ் மருத்துவமனைக்கு வந்தது. காத்திருப்பவர்கள் புரட்ட வாங்கிப் போடுவார்கள். பூனை இப்போது வேறொருவர் கையில். மேசையில் வைத்து, அண்ணி ஆறு பக்கத்திலும் குறை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. மகளோடு வந்திருந்த ஒரு பெண், பிள்ளைகள் புத்தகம் புதிது வந்துவிட்டதா என்று கேட்டார்.

“இன்னும் வரலைங்க,” என்ற அண்ணி, மூடிய இதழின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.